“ஐசி போயிடுச்சு சார்”



கொஞ்சம் நீளமான பதிவு. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத உறவுகள் நடுவில் வரும் சர்க்யூட் சமாசாரங்களைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் தோட்டத்தில் போன் மூலம் மோட்டார் போடும் பெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இன்னமும் மாதத்துக்கு ஒரு போனாவது இந்த வாக்கியத்தோடு வந்துவிடுகிறது: “சார், ஐசி போயிடுச்சு.” 8085 கிட் காலத்தில் லேபில் கேட்ட அதே வாக்கியம். பிறகு 8051 வந்தது, அதற்கும் இதுதான். இப்போது அர்டுயினோ, அதற்கும் இதுதான். சிப் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. 5 வோல்ட் காலில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் போகும். இடி இறங்கினால் போகும். ஆனால் புதுசாக மாற்றிய சிப் மூன்று நாள் ஓடி, மறுபடி நின்று, மறுபடி மாற்றினால் மறுபடி ஓடுகிறது என்றால் அது சாவு இல்லை, மயக்கம். சிப்பை மாற்றுவதற்கு சப்ளையை அணைத்தாய் அல்லவா? அந்த அணைப்பில்தான் அது பிழைத்தது. பழைய சிப்பையே கழற்றித் திரும்ப மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும். கடைக்காரருக்குத்தான் லாபம்.

இந்த வருடம் சித்திரையில் வந்த போன் கொஞ்சம் வேறு மாதிரி. பேசியது நம் பாலிடெக்னிக்கில் 2004ல் டிப்ளமோ முடித்த மாணவன். கோபிப் பக்கம் ஊர். அவனே எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். கொரோனா ஊரடங்கில் வேலை போய், வீட்டுத் திண்ணையில் மேஜை போட்டு, மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைக்கும் பெட்டி செய்து விற்கிறான். போனில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் தோட்டத்து மோட்டார் ஓடும், இன்னொன்று அனுப்பினால் நிற்கும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் தானே நிறுத்தும். கரண்ட் போய் வந்தால் தானே ஓட்டும். மும்முனைக் கரண்ட் எந்த நேரத்தில் வரும் போகும் என்று காத்துக்கிடப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். 38 பெட்டி விற்றிருந்தான். மனைவியின் நகை பேங்கில் இருக்கிறது.

அவன் சொன்னது இவ்வளவுதான். “சார், தொழிலை விட்டுடலாம்னு இருக்கேன். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறேன். இந்த சாமானெல்லாம் நம்ம பசங்க யாராச்சும் வாங்கிக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க சார்.”

என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு தோட்டத்தில் நடுராத்திரி பெட்டி நின்றுபோயிருக்கிறது. மோட்டார் நிற்கவில்லை, பெட்டிதான் நின்றது. திரையில் பழைய எழுத்து அப்படியே உறைந்திருக்க, போர்வெல்லில் தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, தண்ணீர்தான் வழவழப்பு. விடியும்போது சுருள் எரிந்துவிட்டது. குழாய் அத்தனையும் மேலே ஏற்றி, காயில் கட்டி, திரும்ப இறக்குவதற்குப் பத்து நாள். குலை தள்ளும் நேரத்து வாழை. அந்தப் பெரியவர் பணம் தரமாட்டேன் என்றது இருக்கட்டும், காயில் கட்டிய செலவை நீ கொடு என்கிறார். அவர் கேட்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

இன்னொரு தோட்டத்தில் நேர் எதிர். “நிறுத்துனா நிக்குதுங்க, திரும்பிப் பாக்கறதுக்குள்ள மறுக்காவும் ஓடுதுங்க. பேய் புடிச்ச பெட்டியா இருக்குது” என்று அந்த அம்மா சொன்னாராம். அவருடைய மகன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓஸ் பைப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மோட்டார் தானாக ஓடி, பைப் பிடுங்கிக்கொண்டு வந்து தோளில் அடித்திருக்கிறது. வீக்கத்தோடு போயிற்று. ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்து கையை விட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவன் செய்து பார்த்தது: சிப்பை மூன்று முறை மாற்றினான், புரோகிராமை இரண்டு முறை மாற்றி எழுதினான், இரும்புப் பெட்டிக்கு பதிலாக பிளாஸ்டிக் பெட்டி போட்டான். வீட்டு மேஜையில் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டினால் ஒரு கோளாறும் இல்லை. தோட்டத்துக்குப் போனால் நிற்கிறது. “பெட்டியோட கிளம்பி வா, சாமானை அப்புறம் விக்கலாம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் மேஜையை எப்படி வைத்திருந்தான் என்று முதலில் படம் போட்டுக் காட்டச் சொன்னேன். மேஜையில் ஓடுகிறது, தோட்டத்தில் நிற்கிறது என்றால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் முதல் கேள்வி. படத்தைப் பார்த்ததுமே ஒன்று தெரிந்தது. மேஜையில் ரிலேவுக்கு அவன் மாட்டியிருந்த லோடு ஒரு 60 வாட் குண்டு பல்பு. தோட்டத்தில் அதே ரிலே இயக்குவது ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் சுருளை. பல்பு சாது. சுருள் அப்படி இல்லை. ஓடும் கரண்ட்டைத் திடீரென்று வெட்டினால் அது சும்மா விடாது, வெட்டிய இடத்தில் பொறி பறக்கும் அளவுக்கு வோல்டேஜை எழுப்பிவிடும். சுற்றியிருக்கும் ஒயர் ஒவ்வொன்றும் அதைக் கேட்கும். நாம் இரண்டாம் செமஸ்டரில் படித்த இண்டக்டர் பாடம்தான்.

தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் ஒரு பழைய கான்டாக்டரை இரவல் வாங்கி வந்தோம். பல்புக்கு பதில் அதை மாட்டி, போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்தி. ஏழாவது முறை நிறுத்தியதும் பெட்டியின் திரை ஒரு கணம் இருண்டு, ஆரம்ப வாசகம் வந்து, பத்து விநாடியில் ரிலே தானாக “டக்” என்று போட்டுக்கொண்டது. அந்த அம்மாவின் பேய் என் மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் முகம்தான் வெளுத்துவிட்டது. கோளாறை நாம் கூப்பிட்டபோது வரவழைக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராத கோளாறைச் சரிசெய்வது என்பது இருட்டில் கொசு அடிப்பது போலத்தான்.

ஆனால் உறைந்துபோகும் கோளாறு வரவில்லை. இருபது, முப்பது முறை போட்டுப் பார்த்தோம், மறுதொடக்கம் மட்டும்தான் ஆகிறது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, இது ஒரு வியாதி இல்லை, இரண்டு வியாதி என்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் “பெட்டி வேலை செய்யல” என்ற ஒரே புகார். அவனும் ஒன்றாகவே நினைத்துத் தேடியதால்தான் ஆறு மாதம் ஓடியிருக்கிறது.

முதல் வியாதியை எடுத்துக்கொள்வோம். சிப் ஏன் மறுதொடக்கம் ஆனது என்று ஊகிக்கவே வேண்டியதில்லை, அதையே கேட்கலாம். அவன் பயன்படுத்தியது ஏடிமெகா328பி. அதில் எம்சியுஎஸ்ஆர் என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. நான்கு பிட். கரண்ட் புதிதாக வந்ததா, ரீசெட் காலை யாராவது இழுத்தார்களா, வோல்டேஜ் சரிந்ததா, வாட்ச்டாக் கடித்ததா என்று தான் எழுந்த காரணத்தை அதில் குறித்து வைத்திருக்கும். புரோகிராம் தொடங்கியதும் முதல் வேலையாக அதைப் படித்து வைத்துக்கொண்டு அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் அடுத்த முறை பழைய காரணமும் சேர்ந்து நிற்கும். சில பூட்லோடர்கள் நமக்கு முன்னால் அதைத் துடைத்துவிடும், அதையும் கவனிக்க வேண்டும். இவன் புரோகிராமரை வைத்து நேரடியாக ஏற்றுபவன், அதனால் அந்தத் தொல்லை இல்லை. இதை முதலில் பார்க்கச் சொல்லி போனில் நினைவூட்டியது இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி. அன்று குரூப்பில் “யாராவது ஃப்ரீயா” என்று நான் கேட்டதும் கூப்பிட்டாள். அவளுக்கு நன்றி.

நான்கு வரி சேர்த்து, காரணத்தைத் திரையில் காட்டச் சொன்னோம். கான்டாக்டரை நிறுத்தினோம். வந்த பதில்: வெளி ரீசெட். அதாவது சிப்பின் முதல் காலை யாரோ பூமிக்கு இழுத்திருக்கிறார்கள். யாரும் தொடவில்லை. ஆனால் அந்தக் காலிலிருந்து ஓர் அடி நீளத்துக்கு ஒயர் இழுத்து, பெட்டிக் கதவில் ரீசெட் பொத்தான் வைத்திருந்தான். கான்டாக்டர் ஒயர்களோடு சேர்த்து அழகாக டேக் போட்டுக் கட்டியும் இருந்தான். அந்தக் காலை மேலே தூக்கிப் பிடித்திருப்பது சிப்புக்குள் இருக்கும் 30 முதல் 60 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும்தான். கைக்குழந்தை விரலைப் பிடிப்பது போன்ற பிடி. பக்கத்து ஒயரில் கான்டாக்டர் கத்தினால் கால் கீழே விழுந்துவிடும்.

வைத்தியம் சின்னது. கதவுப் பொத்தானை எடுத்தாயிற்று. தோட்டத்துக்காரருக்கு ரீசெட் பொத்தான் எதற்கு? முதல் காலுக்கு வெளியிலிருந்து 10 கே ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கு, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பூமிக்கு, இரண்டும் சிப்பை ஒட்டி. மற்ற பொத்தான்களின் ஒயர்களுக்கும் அதே போல, தொடரில் 1 கே சேர்த்து. சிப்பின் இரண்டு சப்ளைக் காலுக்கும் பக்கத்திலேயே ஒரு 0.1 மைக்ரோஃபாரட். இது அவன் போர்டில் இருந்தது, ஆனால் மூன்று அங்குலம் தள்ளி. அவ்வளவு தள்ளியிருந்தால் அது அந்த வேலையைச் செய்யாது.

கத்துகிறவனின் வாயையும் கட்ட வேண்டும். கான்டாக்டர் சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. இதில் இரண்டு விஷயம் கவனம். சுருள் 230 வோல்ட் என்றால் 275 வோல்ட் ஏசி எழுதிய எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் போதும். நம் பக்கத்து விவசாய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் சுருள் 415 வோல்ட். அதற்கு 275 போட்டால் வெடிக்கும், 440 வோல்ட் ஏசி தாங்குவது வேண்டும். இரண்டாவது, சுருளின் குறுக்கேதான் போட வேண்டும். ரிலேயின் காண்டாக்ட் குறுக்கே போட்டால் ரிலே திறந்திருந்தாலும் 230 வோல்ட்டில் சுமார் 7 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். நிறுத்தியாயிற்று என்று நம்பி தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு இருநூறு முறை போட்டு நிறுத்தினோம். எண்ணியது என் பேத்தி, ஸ்லேட்டில் கோடு போட்டு. ஒருமுறைகூட மறுதொடக்கம் ஆகவில்லை.

அதோடு விடுவதற்கு எனக்கு மனம் இல்லை. மறுதொடக்கம் ஆனதுகூடப் பரவாயில்லை, மறுதொடக்கம் ஆனதும் மோட்டாரை ஏன் ஓட்டியது? கரண்ட் போய் வந்தால் தானே ஓட்ட வேண்டும் என்று அவன் எழுதி வைத்திருந்தான். கரண்ட் வந்து எழுந்ததற்கும் கான்டாக்டர் சத்தத்தில் எழுந்ததற்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. இப்போதுதான் ரெஜிஸ்டரே சொல்கிறதே. கரண்ட் புதிதாக வந்தது என்ற பிட் இருந்தால் மட்டும் மோட்டாரை ஓட்டு. வேறு எந்தக் காரணத்தால் எழுந்தாலும் மோட்டாரைத் தொடாதே, எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுச் சும்மா இரு. இரண்டு வரி. சர்க்யூட்டில் செய்த அத்தனையைவிடவும் இந்த இரண்டு வரிதான் முக்கியம் என்பது என் கருத்து.

இனி அந்த உறையும் வியாதி. முதலில் உறைந்தது யார் என்று பார்க்க வேண்டும். எல்சிடி திரை உறைந்தால் சிப் உறைந்தது என்று அர்த்தமில்லை. அந்தத் திரைக்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது, அது மட்டும் குழம்பி கிறுக்கல் காட்டிக்கொண்டிருக்க, நம் சிப் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு எல்இடி வைத்தோம். ஒன்று மெயின் லூப் ஒரு சுற்று வந்தால் மின்னும். இன்னொன்று டைமர் இன்டரப்ட்டில் மின்னும். ஒன்று போதாதா என்று கேட்டான். போதாது. இன்டரப்ட் எல்இடி மட்டும் மின்னினால் சிப்புக்கு உயிர் இருக்கிறது, கிரிஸ்டல் ஓடுகிறது, சப்ளை இருக்கிறது, ஆனால் மெயின் லூப் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டுமே நின்றால்தான் கிரிஸ்டல், சப்ளை, சிப் என்று பார்க்க வேண்டும். அஞ்சு ரூபாய் எல்இடி இரண்டு பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

எல்இடி வைத்தாயிற்று, கோளாறு வரவேண்டுமே. மறுபடி அதே கேள்வி: மேஜைக்கும் தோட்டத்துக்கும் வேறென்ன வித்தியாசம்? அவன் வீடு ஊருக்குள், டவர் கூப்பிடு தூரத்தில். எரிந்துபோன மோட்டார் இருந்தது மலையடிவாரத்தில், சிக்னல் ஒரு கோடுதான். ஜிஎஸ்எம் மாட்யூல் டவர் பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்திப் பேசும். கத்தும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதுவும் தொடர்ந்து இல்லை, 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அரை மில்லி விநாடிக்குச் சற்று மேல் மட்டும். மல்டிமீட்டரில் இது தெரியவே தெரியாது, அது சாவகாசமாக சராசரி எடுத்து 4.98 என்று காட்டும். “சப்ளை எல்லாம் சரியா இருக்கு சார்” என்று அவன் சொன்னது அதை நம்பித்தான்.

மலையடிவாரத்தை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு வழி செய்தோம். ஆன்டெனா ஒயரை எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் விட்டு மூடியை முக்கால் பாகம் மூடினோம். சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது. ஆசிலோஸ்கோப்பை ஒருமுறை மட்டும் பிடிக்கும் நிலையில் வைத்து, சப்ளை 4.5க்குக் கீழே போனால் பிடி என்று சொல்லி, முனையைச் சிப்பின் காலிலேயே வைத்தோம். ரெகுலேட்டர் வாயில் வைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை, பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னதும் பிடித்தது. சிப்பின் காலில் 4.3. அவன் 5 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு 1என்4007 டயோடைப் போட்டு மாட்யூலுக்கு இறக்கியிருந்தான். எல்லாரும் செய்கிற சிக்கனம்தான். அந்த டயோடைத் தாண்டி மாட்யூலின் காலில் 3.3. அந்த மாட்யூல் கேட்பது குறைந்தது 3.4. உடனே படுத்துவிட்டது. நாலாவது எஸ்எம்எஸ்ஸில் பெட்டியும் உறைந்தது. இன்டரப்ட் எல்இடி மின்னுகிறது, மெயின் எல்இடி நின்றுவிட்டது.

பிறகு கதை தானே அவிழ்ந்தது. மாட்யூலுக்குக் கட்டளை அனுப்பிவிட்டு “பதில் வரும்வரை காத்திரு” என்று எழுதியிருந்தான். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. மாட்யூல் படுத்துவிட்டதால் பதில் வராது. காத்திருக்கிறது, காத்திருக்கிறது, விடிய விடியக் காத்திருக்கிறது. தண்ணீர் தீர்ந்ததா என்று பார்க்கும் வேலையும் அதே மெயின் லூப்பில்தான். வாட்ச்டாக் போட்டிருந்தானா என்றால், போட்டிருந்தான். எட்டு விநாடி. ஆனால் அதற்குச் சோறு போடும் வரியை டைமர் இன்டரப்ட்டுக்குள் வைத்திருந்தான். வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்க, வேலைக்காரன் நேரம் தவறாமல் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தால் நாய் ஏன் குரைக்கும்?

ஆக, அந்த வாழைத்தோட்டத்தில் சிப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டுதான் இருந்தது. மூன்று சிப்பை அநியாயமாகக் குப்பையில் போட்டிருக்கிறான். (பொறுக்கி எடுத்துச் சோதித்தோம். மூன்றும் நன்றாக ஓடுகின்றன.)

செவ்வாய் கிரகத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கம்ப்யூட்டர் சில நாளில் தானாக மறுதொடக்கம் ஆக ஆரம்பித்தது. அவசரமான ஒரு வேலை, அவசரமில்லாத இன்னொரு வேலை கையில் வைத்திருந்த பூட்டுக்காகக் காத்து நின்றிருக்கிறது, வாட்ச்டாக் பொறுமை இழந்திருக்கிறது. பூமியில் இருந்த அதே மாதிரி கருவியில் கோளாறை வரவழைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அங்கே நாய் சரியாகக் குரைத்தது, அதனால்தான் காப்பாற்ற முடிந்தது. இதை அவனிடம் சொன்னதும், வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான்.

இதற்கான வைத்தியம்: மாட்யூலுக்குத் தனி சப்ளை, 2 ஆம்பியர் தாங்குவது, அதன் காலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட். காத்திருப்புக்கெல்லாம் ஐந்து விநாடிக் கெடு, தாண்டினால் மாட்யூலை அணைத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார். வாட்ச்டாக் சோறு ஒரே இடத்தில், மெயின் லூப்பின் கடைசி வரியில். வோல்டேஜ் சரிந்தால் ரீசெட்டில் நிறுத்தி வைக்கும் பிரவுன்-அவுட் வசதியை 4.3 வோல்ட்டில் வைத்தோம், அதை அவன் அணைத்தே வைத்திருந்தான். ரீசெட் ஆகும்போது சிப்பின் கால்கள் எல்லாம் கைவிட்ட நிலைக்குப் போய்விடும், அந்த நேரத்தில் ரிலே போட்டுக்கொள்ளாமல் இருக்க டிரான்சிஸ்டர் பேஸுக்கு ஒரு 10 கே பூமிக்கு.

கடைசியாக ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். பெட்டியில் சிவப்பு நிறுத்தும் பொத்தான் சிப்புக்குத்தான் போகிறது. சிப் பார்த்து நிறுத்துகிறது. அதை சுருளின் ஒயரிலேயே தொடராகப் போடு என்றேன். அழுத்தினால் சுருளுக்குக் கரண்ட் அறுந்தே தீர வேண்டும். “இப்பத்தான் எல்லாம் சரி பண்ணிட்டோமே சார், முப்பத்தெட்டு பெட்டியையும் கதவு கழட்டி ஒயர் மாத்தணும்” என்றான். மாற்றத்தான் வேண்டும். நிறுத்தும் பொத்தான் புரோகிராமிடம் அனுமதி கேட்கக்கூடாது. எத்தனை நல்ல புரோகிராமாக இருந்தாலும் சரி. ஒத்துக்கொண்டான், மனமில்லாமல்.

வேறு சில மாணவர்கள் கேட்டவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மணி அடிக்கும் கருவி யுபிஎஸ்ஸில் ஐம்பது நாளுக்கு ஒருமுறை குழம்புகிறது என்றவனுக்கு: மில்லி விநாடியை எண்ணும் 32 பிட் கணக்கு 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும். முடியும் நேரத்தை முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொண்டு ஒப்பிடாதே, இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்துப் பார். முட்டைப் பொரிப்பான் செய்து, வெப்பநிலையை விநாடிக்கு ஒருமுறை ஈஈப்ராமில் எழுதுகிறவளுக்கு: அந்த இடம் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம். விநாடிக்கு ஒருமுறை என்றால் 28 மணி நேரத்தில் அந்த லட்சம் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் நிற்கிறது, கிரிஸ்டலைத் தொட்டால் ஓடுகிறது என்றவனுக்கு: போர்டைத் திருப்பிப் பார். கிரிஸ்டல் காலடியில் சால்டரிங் பிசின் ஈரம் குடித்திருக்கும். பிரஷ்ஷால் கழுவிக் காய வைத்துப் பூச்சு அடி. பெட்டியின் ஒயர் ஓட்டைகளையும் அடை. எறும்பும் பல்லியும் சர்க்யூட்டில் சேர்க்கும் பாகங்களுக்கு டேட்டாஷீட் கிடையாது.

சரி, பெட்டி விஷயம். மாற்றிய முதல் பெட்டியை அந்த வாழைத்தோட்டத்திலேயே வைத்தோம். பெரியவர் வேண்டாம் என்றார். நானும் கூடப் போய், சிவப்புப் பொத்தானை அவர் கையாலேயே இருபது தடவை அழுத்த வைத்த பிறகு சம்மதித்தார். இரண்டு மாதமாக ஓடுகிறது. அதில் மூன்று முறை மாட்யூல் படுத்திருக்கிறது. பெட்டி அதை அணைத்துப் போட்டு எழுப்பிவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறது, குறிப்பு இருக்கிறது. காயில் கட்டிய செலவில் பாதியை மாணவன் தவணையில் கொடுத்துவருகிறான். ஒரு பெட்டிக்கு மாற்றுச் செலவு 150 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது, பெட்ரோல் தனி. திருப்பூர் போகவில்லை.

38 பெட்டியில் 36ஐத் தேடிப்பிடித்து மாற்றியாயிற்று. மீதி இரண்டு கிடைக்கவில்லை. ஒன்று சத்தியமங்கலம் பக்கம் தோட்டம் கைமாறியபோது ஸ்டார்ட்டரோடு சேர்ந்து போய்விட்டது. இன்னொன்றை வாங்கியவர் அந்தியூரில் யாருக்கோ விற்றுவிட்டாராம். நீல நிறப் பெட்டி, கதவில் எல்சிடி, அதன் கீழே பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று பொத்தான். கறுப்பு ரீசெட் பொத்தான் இருந்தால் அது மாற்றாத பெட்டிதான். அந்தப் பக்கத்து உறவுகள், மாணவர்கள் யார் கண்ணிலாவது பட்டால், போனில் இயக்குவதை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் பைப்பையோ ஸ்டார்ட்டரையோ தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எனக்கு மெசஞ்சரில் எழுதுங்கள். அவன் வந்து இலவசமாக மாற்றித் தருவான். நானும் கூட வருவேன்.